எல்லைக் கல்லில் போட்ட ஊசி

அன்றைக்கு எல்லைக் கல்லருகே இருந்தவர்கள் இவர்கள். சோரியாங்குப்பம் செங்கேணி, மாட்டுக்காரி. அவள் புருஷன் ஆதிமூலம், திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. ஊர் நாட்டாண்மைக்காரர் முத்துலிங்கம், கையில் மஞ்சள் காப்பு. எங்கள் டாக்டரம்மா, ஸ்கூட்டரை வரப்போரம் நிறுத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றார். செவலைப் பசு ஒன்று. அப்புறம் நான், ஏழுமலை. பாகூர் பக்கம் மாட்டாஸ்பத்திரியில் உதவியாளர்.

இப்போது ரிட்டையர் ஆகிவிட்டேன். போன மாதம் வில்லியனூர் பக்கம் மாட்டு முகாம் நடந்தது. சும்மா பார்க்கப் போனேன். புதுசாக வேலைக்கு வந்தவர்கள் ஒரு ஸ்கேன் மெஷின் வைத்திருந்தார்கள். மாட்டுக்குள் குழலை விட்டால் திரையில் தெரிகிறது. கறுப்பாக ஒரு வட்டம். "அண்ணே, இதுதான் முட்டைக் கொப்புளம்" என்றான் ஒருவன். எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. முப்பத்தோரு வருஷம் விரலால் பார்த்தது. கண்ணால் பார்ப்பது அன்றைக்குத்தான். நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

"மெஷின் இல்லாம இன்னாண்ணே பண்ணீங்க? எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். எனக்கு எழுத்து வராது. எட்டாவது பெயில். வந்தவரை எழுதுகிறேன்.

தினக்கூலியாகச் சேர்ந்தேன். மருந்துப் பாட்டில் கழுவுவது, மாட்டைப் பிடித்துக் கட்டுவது. பிறகு மூன்று மாதம் சினை ஊசிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கறிக்கடையிலிருந்து பசுவின் கருப்பை, சினைப்பை எல்லாம் வாங்கி வந்து துணிப்பைக்குள் போட்டுவிடுவார்கள். பைக்குள் கையை விட்டு, பார்க்காமல் சொல்ல வேண்டும். மாட்டில் சாணி வரும் வழியாகக் கையை விட்டு, குடலுக்கு மேலாகவே தடவிப் பார்க்க இதுதான் பழக்கம். முதல் வாரம் எல்லாமே சதையாக இருந்தது. ரெண்டாவது வாரம் விரலுக்குப் புத்தி வந்தது.

சினைப்பை என்பது மொச்சைக்காய் அளவுதான். ரெண்டு பக்கமும் ஒவ்வொன்று. அதன் மேல் கொப்புளம் இருந்தால் பழுத்த திராட்சையைத் தொட்ட மாதிரி வழவழவென்று இருக்கும். அழுத்தினால் நெகிழும். கொப்புளம் வெடித்த இடத்தில் மஞ்சள் உடம்பு என்று ஒன்று வளரும். அது ஈரல் மாதிரி கெட்டி. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி.

டாக்டரம்மா வருவதற்கு முன்னால் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. ஒரு வீட்டில் பசு பருவத்துக்கு வரவில்லை என்று கூப்பிட்டார்கள். கையை விட்டேன். மஞ்சள் உடம்பு இருந்தது. அதைக் கரைக்க ஒரு ஊசி உண்டு, சினை மாட்டுக்குப் போடக் கூடாது. "காளை எதுனா பாத்துதா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "இல்ல" என்றார். அப்போது இருந்த டாக்டரிடம் சொன்னேன். போடச் சொன்னார். போட்டேன். சில நாளில் பசு கன்றைத் தள்ளிவிட்டது. கட்டை விரல் நீளம்கூட இல்லை. வாய்க்காலோரம் மேய்க்கும்போது காளை ஏறியிருக்கிறது. மேய்த்த பெண்ணுக்குத் தெரியும். அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

டாக்டரம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "இனிமே மூணு பேரைக் கேளுங்க ஏழுமலை. மாட்டுக்காரரு, பால் கறக்கறவங்க, மேய்க்கறவங்க. மூணும் ஒரே ஆளா இருந்தா மூணு தடவ கேளுங்க" என்றார். அவ்வளவுதான்.

அவர் அதிகம் பேச மாட்டார். திங்கட்கிழமை காலையில் என் நகத்தைப் பார்ப்பார். வெட்டியிருக்க வேண்டும், ராவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு மாட்டைத் தொட விடமாட்டார். மாட்டைச் சோதிக்கும்போது முதலில் நான்தான் கை விட வேண்டும். என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒரு தாளை நடுவில் மடித்து, நான் சொன்னதை இடது பக்கம் எழுதுவார். பிறகு அவர் கை விடுவார். அவர் கண்டதை வலது பக்கம் எழுதுவார். ரெண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் நான் மறுபடி கை விட வேண்டும். ஒன்றாகும்வரை ஊசியை உடைக்க மாட்டார். ரெண்டு தடவை என் பக்கம்தான் சரி என்று அவருடையதை அடித்திருக்கிறார். முகத்தில் ஒன்றும் இருக்காது.

ஹார்மோன் என்றால் என்ன என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். மருந்துப் பெட்டி அட்டையைக் கிழித்து அதன் உள்பக்கம் வரைந்தார். மூளைக்கு அடியில் ஒரு சின்ன சுரப்பி. அங்கிருந்து ஒரு ஹார்மோன் ரத்தத்தில் இறங்கி வரும். அது வந்தால் சினைப்பையில் பல கொப்புளம் ஒன்றாகக் கிளம்பும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை. சில நாளில் ஒன்று மட்டும் முந்தும். முந்தியது தன் பங்குக்கு ஹார்மோன் விடும். அது மூளைக்குப் போய், முதலில் வந்த ஹார்மோனைக் குறைத்துவிடும். தீனி இல்லாமல் மற்றதெல்லாம் சுருங்கிப் போகும்.

"பொல்லாததா கீதே மேடம்" என்றேன்.

"முட்ட ஒண்ணுதான் வேணும்" என்றார்.

மாடு கத்துவது, மற்ற மாட்டின் மேல் தாவுவது, கண்ணாடி மாதிரி வழும்பு ஒழுகுவது எல்லாம் அந்த முந்திய கொப்புளம் விடும் ஹார்மோன் செய்யும் வேலை. அது உச்சத்துக்குப் போனால் மூளை இன்னொரு உத்தரவை ஒரே மூச்சில் அனுப்பும். அது வந்து ஒரு நாள் போனால் கொப்புளம் வெடித்து முட்டை வெளியே வரும். வெடித்த இடத்தில் மஞ்சள் உடம்பு. அது இன்னொரு ஹார்மோன் விடும். கருப்பைக்கு அமைதி, கன்றுக்கு இடம். அது இருக்கும்வரை வேறெந்தக் கொப்புளமும் வெடிக்காது, மாடும் கத்தாது. கன்று தங்காவிட்டால் ரெண்டு வாரத்துக்கு மேல் பார்த்துவிட்டு, கருப்பையே ஒரு ஹார்மோன் அனுப்பி மஞ்சள் உடம்பைக் கரைத்துவிடும். மறுபடி முதலிலிருந்து. இருபத்தோரு நாளைக்கு ஒரு சுற்று.

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

இப்போது செங்கேணி. ஒரே மாடு வைத்திருந்தாள். கன்று போட்டு பத்து மாதம் ஆகியும் ஒழுங்காகப் பருவத்துக்கு வரவில்லை. பாலும் வற்றிக்கொண்டு வந்தது. ஆதிமூலம் மாட்டு வியாபாரிக்குச் சொல்லிவிட்டான். அடிமாட்டுக்குத்தான் போகும். செங்கேணி ஆஸ்பத்திரிக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே அவனும் வந்தான்.

மூன்று பேரைக் கேட்க வேண்டும். மாட்டுக்காரி, கறக்கிறவள், மேய்க்கிறவள் எல்லாம் அவள்தான். மூன்று தடவை கேட்டேன்.

"இன்னாண்ணா, போலீஸ் டேஷன் மாதிரி கேக்கற? காளை பாக்கல, பாக்கல, பாக்கல" என்றாள்.

சோப்புத் தண்ணீர் போட்டு இடது கையை விட்டேன். இடது சினைப்பை சின்னது, ஒன்றுமில்லை. வலது பக்கம் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கொப்புளம். தோல் மெல்லிசு. மஞ்சள் உடம்பு ரெண்டு பக்கமும் இல்லை. கருப்பை காலி. சொன்னேன். எழுதினார். பிறகு அவர் கை விட்டார். அதையே எழுதினார்.

நீர்க்கட்டி. கொப்புளம் முந்திவிட்டது. மூளையின் ரெண்டாவது உத்தரவு வரவில்லை. வெடிக்காமல் ஊதிக்கொண்டே போயிருக்கிறது.

"ரெண்டு ஊசி" என்றார் டாக்டரம்மா. "இன்னைக்கி ஒண்ணு. அது மூளைய உத்தரவு போட வெக்கும். பத்து நாள்ல கெட்டியா மஞ்ச உடம்பு உருவாவும். அப்ப இன்னொண்ணு, அதக் கரைக்க. கரைஞ்சா மூணு நாள்ல பருவம் வரும்."

ஆதிமூலம் விரல் விட்டு எண்ணினான். "பதினஞ்சு நாள் பாக்கறேன் மேடம். அதுக்குள்ள சினை ஊசி போட்டு ஆச்சுன்னா மாடு இருக்கட்டும். இல்லன்னா பதினாறாம் நாள் யாவாரி வண்டி வந்துடும். வைக்கோல் இல்ல. நானும் வூட்டுல இல்ல."

செங்கேணி மாட்டின் திமிலில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

முதல் ஊசி போட்டோம். பத்தாம் நாள் காலையில் அவள் வீட்டுக்கே போனோம். வலது பக்கம் ஈரல் மாதிரி கெட்டியாக மஞ்சள் உடம்பு. தாளின் இடது பக்கம், வலது பக்கம் ரெண்டும் ஒன்று. ரெண்டாவது ஊசி போட்டேன். சந்தோஷமாக வந்தோம்.

அன்று சாயங்காலம் ஊரில் காப்பு கட்டிவிட்டார்கள். திரௌபதி அம்மன் தீமிதி. வழக்கமாக இன்னும் தள்ளித்தான் வரும். அந்த வருஷம் ஊர்க்கூட்டம் முன்னால் வைத்துவிட்டது. பத்து நாள் காப்பு. காப்பு கட்டிவிட்டால் அந்த ஊரில் கல்யாணம் கிடையாது, கறி கிடையாது. மாட்டைக் காளைக்கு விடுவதும் கிடையாது. சினை ஊசியும் அதில் சேர்த்தி. இது எனக்குத் தெரிந்த விஷயம். அந்தப் பக்கம் பல வருஷம் போய்க்கொண்டிருந்தவன். காளையைப் பற்றி மூன்று தடவை கேட்டேன். காப்பைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

போட்ட ஊசியை எடுக்க முடியாது. மஞ்சள் உடம்பு கரையும். புதுக் கொப்புளம் முந்தும், வெடிக்கும். இதை விட்டால் அடுத்தது இருபத்தோரு நாள் கழித்து. வியாபாரி பதினாறாம் நாள்.

பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் செங்கேணி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். "அண்ணா, கத்துது. வழும்பு வுடுது. நாட்டாண்மக்காரரு வாசல்லயே வந்து நின்னுகினு கீறாரு."

சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி போட வேண்டும். டாக்டரம்மா நேராக நாட்டாண்மைக்காரர் வீட்டுக்குப் போனார். நானும் போனேன்.

"ஊருக்குள்ள கூடாதும்மா" என்றார் அவர். "அம்மனுக்குக் காப்பு கட்டிகினு நானே எப்படி உத்தரவு குடுப்பேன்?"

"ஊருக்கு வெளியில?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அவர் யோசித்தார். "வெளியில நடக்கறதுக்கு நான் நாட்டாண்ம இல்ல."

அந்தப் பக்கம் ஊர் எல்லை எதுவோ அதுதான் புதுச்சேரி எல்லையும். எல்லைக் கல்லுக்கு அப்பால் தமிழ்நாடு, கடலூர் மாவட்டம். நான் புதுச்சேரி அரசு ஊழியன். அங்கே போய் நான் மாட்டைத் தொட முடியாது. மற்றப் பக்கம் வெளியே போகலாம் என்றால், அடுத்த ஊரிலும் காப்பு கட்டியிருந்தது.

திரும்பி வரும்போது, "மேடம், எப்படி?" என்றேன்.

"மாடு அந்தப் பக்கம். உங்க காலு இந்தப் பக்கம்" என்றார்.

அப்படித்தான் மறுநாள் காலை எல்லோரும் எல்லைக் கல்லுக்கு வந்தோம். செங்கேணி மாட்டைக் கல்லைத் தாண்டி நடத்தி, பின்பக்கம் வரப்பை ஒட்டி வருகிற மாதிரி நிறுத்திப் பிடித்தாள். நான் இந்தப் பக்கம் நைட்ரஜன் கேனைத் திறந்தேன். விந்துக்குச்சியை இடுக்கியால் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டேன். துடைத்து, நுனியை வெட்டி, கன் என்கிற நீளக் குழாயில் பொருத்திச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். சூடு மாறக் கூடாது.

நாட்டாண்மைக்காரர் குனிந்து பார்த்தார். "மாடு வெளியில கீது, சரி. வாலு உள்ள கீதே?"

ஆதிமூலம் வாலைப் பிடித்து மாட்டின் முதுகில் போட்டான். "வாலும் போயிடுச்சு பெரியப்பா. பாஸ்போர்ட் எதுனா வேணுமா?"

"வாய மூடுடா. காப்பு கட்டினவன் எதிர்ல பேசற பேச்சப் பாரு."

டாக்டரம்மா என் காலைப் பார்த்தார். நான் ஒரு அடி பின்னால் வைத்தேன்.

இடது கையை விட்டேன். என் கை மட்டும் தமிழ்நாட்டுக்குப் போனது. கருப்பை விறைப்பாக இருந்தது, பருவத்தில் அப்படித்தான் இருக்கும். வலது சினைப்பையில் திராட்சை மாதிரி கொப்புளம். தொட்டும் தொடாமல் விட்டேன். அழுத்தினால் நேரத்துக்கு முன்னால் உடைந்துவிடும். வலது கையால் கன்னைச் செலுத்தி, கருப்பை வாயின் மூன்று வளையத்தையும் தாண்டியதும் மெதுவாக அழுத்தினேன். அஞ்சு எண்ணிவிட்டு எடுத்தேன்.

"ஆச்சு" என்றேன்.

"காப்புல போட்டது. தங்காது" என்றார் நாட்டாண்மைக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. மழை வராது என்கிற மாதிரி சொன்னார்.

டாக்டரம்மா செங்கேணியிடம், "இன்னையிலேந்து தெனம் ஒரு கோடு போடு. மறக்காத" என்றார். அவள் அன்று வீட்டுக்குப் போனதும் மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டாள்.

ஆதிமூலம் சொன்ன சொல்படி வியாபாரியைத் திருப்பி அனுப்பினான்.

இருபத்திரண்டாம் கோடு போட்ட அன்று அவனே ஆஸ்பத்திரிக்கு வந்தான். முகம் சரியில்லை. "காலைல கோயில் காளை நம்ம மாட்டு மேல ஏறிடுச்சுண்ணா. மேய்ச்சல்ல. ஊசி தங்கலன்னுதான அர்த்தம்? காப்புல போட்டா இப்படித்தான். யாவாரிக்கு போன் பண்ணிட்டேன். மத்தியானம் வண்டி வரும்."

இருபத்திரண்டாம் நாளில் கன்று இருக்கிறதா என்று கையால் சொல்ல முடியாது. எந்தக் கையாலும் முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனால் வேறு ஒன்று தெரியும். மாடு மறுபடி பருவத்துக்கு வந்திருந்தால் மஞ்சள் உடம்பு கரைந்திருக்க வேண்டும், புதுக் கொப்புளம் முந்தியிருக்க வேண்டும். கேனைக்கூட எடுக்காமல் போனோம்.

செங்கேணி கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். "நம்ம மாடு நிக்கலண்ணா. துள்ளிகினு ஓடிச்சி. அது மூலைல மடக்கிடுச்சி. வழும்பும் இல்ல. சொன்னா கேக்க மாட்டேங்கறாரு."

டாக்டரம்மா தாளை மடித்தார். "சொல்லுங்க ஏழுமலை."

என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் கை விட்டதில்லை. கருப்பையைத் தொடவில்லை. தொட்டால் உள்ளே இருப்பது, இருந்தால், கலையலாம். சினைப்பைக்கு மட்டும் போனேன். இடது, ஒன்றுமில்லை. வலது, திராட்சை இருந்த அதே இடம். கெட்டி. ஈரல். பக்கத்தில் பெரிய கொப்புளம் எதுவும் இல்லை. ஒரு தடவை விட்டுவிட்டு மறுபடி தொட்டேன். அதேதான்.

"வலது பக்கம் மஞ்ச உடம்பு, மேடம். முழுசா கீது. கரையல."

எழுதினார். கையுறையை மாட்டினார். அவர் கை விட்டிருந்த நேரம் வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. வியாபாரி வந்துவிட்டார்.

கையை எடுத்து, கழுவி, துடைத்து, வலது பக்கம் எழுதினார். தாளை ஆதிமூலத்திடம் நீட்டினார். அவன் ரெண்டு பக்கமும் படித்தான்.

"ரெண்டும் ஒண்ணா கீது" என்றான்.

"மாடு பருவத்துக்கு வரல" என்றார் டாக்டரம்மா. "காளதான் வந்துது."

"அப்ப சினையா?"

"அது இன்னும் ரெண்டு மாசம் போனாத்தான் சொல்வேன். இன்னைக்கி இல்லன்னு சொல்ல முடியாது. அவ்ளோதான்."

அவர் பொய்யாகத் தைரியம் சொல்ல மாட்டார். சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான் என்று இப்போது நினைக்கிறேன். அவன் தாளைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்குப் போனான். வியாபாரி கத்துவது கேட்டது. "ரெண்டாவது தடவ அலைய வெக்கற. இனிமே கூப்பிடாத." வண்டி போய்விட்டது.

செங்கேணி மோர் கொண்டு வந்தாள். குடித்தோம்.

ரெண்டு மாதம் கழித்துச் சோதித்தோம். நான் "சினை" என்றேன். அவரும் "சினை" என்று எழுதினார். செய்தி கேட்டு நாட்டாண்மைக்காரர் வந்தார். "கோயில் காள போட்டது. அம்மன் குடுத்தது" என்றார். ஊரே அதைத்தான் சொன்னது. கன்றைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. பசுவும் செவலை, காளையும் செவலை, குச்சியும் செவலை இனம். டாக்டரம்மா என்னிடம் மட்டும், "பசுவுக்கு ஊசி போட்டதுலேந்து இருநூத்தி எண்பது நாள். அஞ்சாறு நாள் முன்ன பின்ன வரும். கோயில் காள போட்டதா இருந்தா அதுக்கு மேல மூணு வாரம் ஆவும்" என்றார்.

மாசி மாதம் ஒரு காலை ஆதிமூலம் போன் செய்தான். போனபோது கன்று நின்றுகொண்டிருந்தது. கிடேரி. நஞ்சுக்கொடி விழுந்துவிட்டதா என்று பார்த்தேன். விழுந்திருந்தது. தொப்புளுக்கு மருந்து போட்டேன். டாக்டரம்மா கன்றின் வாயில் விரலை விட்டு அது சப்புகிறதா என்று பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

நாட்டாண்மைக்காரரும் வந்திருந்தார். "நான் சொல்லல? காள ஜாடை" என்றார்.

"சொவத்துல கோடு கீது பெரியப்பா" என்றாள் செங்கேணி. "நீயே எண்ணிக்க."

அவர் மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரிடம் போனார். பத்துப் பத்தாகத்தான் போட்டிருந்தாள். முதல் கோட்டில் விரலை வைத்து ஆரம்பித்தார். நடுவில் ஆதிமூலம் பேச வாயெடுத்தான், கையைக் காட்டி அடக்கினார். கடைசிக் கோட்டில் விரல் நின்றது. நம்பாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். நாங்கள் காத்திருந்தோம். பிறகு எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்.

இருநூத்தி எண்பத்தொண்ணு.